நாங்கள் கல்கரிக்குப் போயிருந்த காலம்

நகர நடுவில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். புனிதம் என்னைச் சக்கர நாற்காலியோடு ஒரு தூணருகில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, மடியில் மப்ளரை வைத்தாள். "இஞ்சையே இருங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனாள். நான் எழும்பி ஓடிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அப்படித்தான். சொல்லாமல் ஓர் அறையை விட்டு அடுத்த அறைக்குப் போகமாட்டாள்.

சற்று முன்னர்தான் எனக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் திருநெல்வேலிப் பெண் என்னைக் கொஞ்சத் தூரம் நடக்க வைத்திருந்தாள். "சூப்பர் சார், போன தடவைக்கு இப்ப எவ்வளவோ தேவலை" என்று பாராட்டினாள். பிறகு புனிதத்தின் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

"அவருக்கு இப்ப பரவாயில்லைப் பிள்ளை. சளிதான் கொஞ்சம் கிடக்கு" என்றாள் புனிதம்.

"அவர சொல்லல. நீங்க?"

புனிதம் சிரித்து மழுப்பிவிட்டு என் கோட்டுக்குப் பொத்தான் போடத் தொடங்கினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். எனக்குப் பாராட்டுக் கிடைத்த சந்தோஷம். அதை வேறு கதை பேசிக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

அந்த மிதப்பில் தூணடியில் இருந்தபோதுதான் "டேய்!" என்று ஒரு சத்தம் கேட்டது.

உலகத்தில் என்னை "டேய்" என்று கூப்பிடும் உரிமையோடு மிஞ்சியிருப்பவன் குகதாசன் ஒருவன்தான். படிக்க வந்த காலத்தில் விம்பிள்டனில் ஓர் அறையையும் ஒரு குளிர்க்கோட்டையும் பங்குபோட்டவர்கள் நாங்கள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியபடி நின்றான். மற்றக் கண் என்னைப் பார்த்து அகல விரிந்திருந்தது.

"டேய், நீ கல்கரியிலயெல்லோ நிக்கிறாய்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்கரி கனடாவில் இருக்கிறது. அங்கே எங்கள் ஒரே மகள் நிலா இருக்கிறாள். நான் லண்டனில், ஹரோவில் இருக்கிறேன். இந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பாரிசவாதம் வந்த பிறகு என் சொற்கள் மூளையில் இருந்து புறப்பட்டு, வழியில் ரயில் மாறி, பிளாட்பாரம் தேடித்தான் நாக்குக்கு வந்து சேரும். கெட்ட வார்த்தைகள் மட்டும் நேர் ரயிலில் வந்துவிடும். அந்த நேரத்துக்கு அவையும் உதவவில்லை.

குகன் விடாமல் பொரிந்தான். "எப்ப வந்தனீங்கள்? மகள் இனி விடமாட்டாளாம், அங்கயே வைச்சுப் பாக்கப் போறாளாம் எண்டு புனிதம் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னவ. ஒரு சொல் சொல்லாமப் போட்டான் எண்டு எனக்கு உன்னில சரியான கோவம்."

அப்போது புனிதம் கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தாள். குகனின் முதுகைக் கண்டதும் நின்றாள். ஓரடி பின்னால் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"நே... நேற்று" என்றேன். "வந்தனாங்கள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. நாற்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தால் மற்றவர் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது வாய் தானாகப் பொய் சொல்லும் போலிருக்கிறது.

"நேற்றோ! அதுதான் முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு" என்றான் குகன். "சரி, பிளேன் களைப்பு ஆறட்டும். ஞாயிற்றுக்கிழமை வாறம்."

பார்க்க வந்தவர்கள்

போன கிழமை இந்தப் பத்திரிகையில், பாரிசவாதம் வந்த அன்று நான் சமையலறைத் தொட்டியடியில் கோப்பையும் கையுமாக விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "விழுந்ததை ரசித்து எழுதியிருக்கிறீர்கள். தூக்கியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று கேட்டிருந்தார். சுருக்கென்று தைத்தது. இந்தக் கிழமை எழுத நினைத்தது வேறு. அதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அன்று விழுந்த பிறகு ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த கையோடு சனம் என்னைப் பார்க்க வரத் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவருக்கு வருத்தம் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், அவர் பிழைத்து எழும்பித் தன் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போதுகூட அதைச் சொல்லிக் காட்டுவார். போன் எடுத்துக் கேட்டுவிட்டு வரும் வழக்கமும் இல்லை. வருத்தக்காரன் வீட்டில் இல்லாமல் வேறு எங்கே இருக்கப் போகிறான்?

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு வந்தார்கள். ஞாயிறு கோயில் முடிந்து திருநீற்றோடு வந்தார்கள். சட்டனில் இருந்து, நகரத்தின் மற்ற அந்தத்தில் இருந்து, ஒரு வானில் மூன்று குடும்பமாக அடைந்துகொண்டு வந்தார்கள். நடைவழி முழுக்கச் சப்பாத்து. மேசை முழுக்க அப்பிள், திராட்சை, மால்ட் மா டின். இனிப்பு வருத்தமும் உள்ள எனக்கு லட்டுப் பெட்டி கொண்டுவந்த புத்திசாலிகளும் உண்டு.

நான் முன் அறையில் ஜன்னலோரக் கதிரையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை போல இருப்பேன். அந்தச் சேட்டை எனக்கு மாட்டிவிடுவது எவ்வளவு பாடு என்று மாட்டிவிட்டவளுக்குத்தான் தெரியும். வராத கையை முதலில் நுழைத்து, தோளை நெம்பி, முதுகை அணைத்துத் தூக்கி... அதெல்லாம் முடிந்த பிறகுதான் சனம் வரும். வந்ததும் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். "எப்பிடி நடந்தது?" எனக்குப் பேச்சு வராது. ஆகவே புனிதம்தான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். நான் விழுந்ததை, வாய் கோணிப்போனதை, அம்புலன்சுக்குக் காத்திருந்ததை. தன் வாழ்க்கையிலேயே பயங்கரமான அந்தக் காலைப் பொழுதை அவள் ஒவ்வொரு வட்டத் தேநீருக்கும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்பது மட்டுமா? அவள் ஏதாவது விட்டுவிட்டால் நல்ல கையை உயர்த்தி, "கோப்...பை" என்று எடுத்துக் கொடுப்பேன். சபையில் சிரிப்பு எழும். எனக்கு அது பெருமை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். எழுதக் கூசுகிறது.

அந்தக் காலத்தில் எனக்குச் சிறுநீர் கட்டுப்படாது. ஒரு நாள் முன் அறை நிறைய ஆட்கள் இருந்தபோது போர்வைக்குக் கீழே நடந்துவிட்டது. நான் புனிதத்தைப் பார்த்தேன். அவள் உடனே, "எல்லாரும் குசினிக்கு வாங்கோ, சுடச்சுட இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம், அவர் கொஞ்சம் கண்ணயரட்டும்" என்று முழுக் கூட்டத்தையும் கிளப்பிக்கொண்டு போனாள். அவர்களுக்குத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவந்து, கதவைச் சாத்தி, என்னைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரை உறையைச் சுருட்டிக்கொண்டு பின் கதவால் போனாள். திரும்பி வந்தவர்கள் ஒன்றும் அறியவில்லை. "அக்காவின்ர தேத்தண்ணிக்காகவே வரலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டாம் தேத்தண்ணி தருவார்கள் என்று ஊரெல்லாம் நல்ல பெயர்.

கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்திருந்தாள். காலையில் என்னைக் குளிப்பாட்ட ஆள் அனுப்பலாமா என்று பார்க்க வந்தவள். குடும்பத்தில், நண்பர்களில் உங்களுக்கு உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து முன் அறையில் கூட்டம். நான் அவர்களைக் காட்டினேன். ஒருவர் என் சார்பில் ஆங்கிலத்தில், "நாங்கள் ஒரு பெரிய குடும்பம் போல. எங்கள் ஆட்கள் வெளியாரை எதிர்பார்ப்பதில்லை" என்று அழுத்தமாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அவளும் மகிழ்ந்து, உங்கள் சமூகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட என்னைக் கட்டிலில் இருந்து தூக்கி இருத்தியதில்லை. குறை சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை. பார்க்க வருவதைத்தான் நாங்கள் எல்லோரும் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முருங்கைக்காய் இல்லாத மாதங்கள்

பிறகு ஒரு நாள் சனம் நின்றுபோனது.

படிப்படியாகக் குறையவில்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டியது போல ஒரேயடியாக நின்றது. முதல் ஞாயிறு மழை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஏதோ கல்யாணம் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஜன்னலோரக் கதிரையில் இருந்து தெருவைப் பார்க்கலாம் என்றால் அதுவும் போய்விட்டது. முன் அறை குளிர் என்று புனிதம் என்னையும் தொலைக்காட்சியையும் பின் அறைக்கு மாற்றினாள். முன் அறைத் திரைச்சீலை சாத்தியே கிடந்தது. வீட்டுத் தொலைபேசி லைன் பழுது என்றாள். என் கைபேசி நான் விழுந்த அன்றே தொட்டித் தண்ணீரில் மூழ்கிப்போனது. வாசலில் நின்ற காரையும் காணோம். "பின் தெருவில விட்டிருக்கிறன், முன்னுக்கு றோட்டுக் கிண்டப் போறாங்களாம்" என்றாள். கவுன்சில் எப்போதும் எதையாவது கிண்டிக்கொண்டுதானே இருக்கிறது. நம்பிவிட்டேன்.

சாப்பாட்டில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முருங்கைக்காய் இல்லை. கத்தரிக்காய் கறி ஏதோ வெள்ளைக்காரக் கத்தரிக்காயில். கறிவேப்பிலை வாசமே இல்லாத சொதி. கேட்டால், "இப்ப சீசன் இல்லை" என்பாள். தமிழ்க் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாமல் ஆங்கிலேயரின் சூப்பர்மார்க்கெட்டில் தொப்பி போட்டுக்கொண்டு சாமான் வாங்கிய கதை பின்னர்தான் தெரியும். கல்கரியைத் தெரிந்தெடுத்ததும் அவளுடைய கெட்டித்தனம்தான். டொரொன்டோ என்றால் மறுநாளே யாராவது ஒரு மைத்துனர் நிலாவின் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். கல்கரியில் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவாக உறவுக்காரர் இல்லை. நிலாவுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தாள். யாரும் அங்கே போன் எடுத்தால், "அப்பா இப்ப நித்திரை, அன்ட்டி" என்பாளாம். நேர வித்தியாசம் கைகொடுத்தது.

இதெல்லாம் தெரியாமல் நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஓடியாடித் திரிந்தபோது எத்தனை பேருக்கு வேலை தேடிக் கொடுத்தேன், எத்தனை கல்யாணத்தில் வாசலில் நின்று வரவேற்றேன் என்று நினைத்து நினைத்துப் பொருமினேன். மனிதனுக்குக் கையும் வாயும் போனதும் சனம் கைகழுவிவிட்டது என்று முடிவு கட்டினேன். இவர்கள் ஒருவருடைய செத்தவீட்டுக்கும் போவதில்லை என்றுகூடத் தீர்மானித்தேன். எனக்கு முதல் இவர்கள் சாவார்கள் என்று எந்தத் துணிவில் நினைத்தேனோ.

வெள்ளைச் சேட்டு வேண்டாம் என்று ஒரு ஞாயிறு சொல்லிவிட்டேன். "ஆருக்கு?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல் தடங்கல் இல்லாமல் வந்தது. புனிதம் சேட்டை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். எனக்காக அழுகிறாள், என்னைப் போலவே அவளுக்கும் சனத்தில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பெண் வந்த நாள்

இடையில் ஒரு பழைய கதை.

புனிதம் லண்டனுக்கு வந்து இறங்கியது ஒரு பனிக்காலம். சேலைக்கு மேல் கடன் வாங்கிய கோட்டோடு விமான நிலையத்தில் இருந்து நேரே விம்பிள்டன் அறைக்குக் கூட்டி வந்தேன். மாடிப்படி ஏறும்போதே உள்ளே சத்தம். குகனும் கூட்டாளிகளும் பொம்பிளை பார்க்க வந்து கட்டிலிலும் தரையிலும் நிறைந்திருந்தார்கள். எல்லோருக்கும் பசி. வீட்டுச் சாப்பாடு கண்டு வருடக் கணக்கு.

"அண்ணி, ஒரு பருப்புக்கறியாவது" என்று குகன் கெஞ்சினான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடு தலையாட்டினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று சமைத்தாள். எங்கள் நண்பர் வட்டத்தில் இன்றும் அந்தப் பருப்புக்கறி பேர்போனது. எத்தனையோ மேடையில் நானே அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

பயணக் களைப்பில் அவளுக்கு அன்று காய்ச்சல். அதை நான் மேடையில் சொன்னதில்லை. சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

சப்பாத்து

ஆஸ்பத்திரியில் இருந்து டாக்சியில் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் வந்து, பின் அறையில் என்னை இருத்தி, அவள் தரையில் குந்தி என் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியபோது என் வாய் திறந்தது. முதலில் வந்தது நேர் ரயிலில் வரும் சொற்கள். இந்தப் பத்திரிகையில் போடமுடியாது. பிறகு இதுதான் வந்தது.

"என்னை... உயிரோட... சாக்காட்டிப்போட்டீர்."

அவள் நிமிரவில்லை. கணுக்காலுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையை அவிழ்த்தாள். சொக்ஸைக் கழற்றினாள். பாதத்தை மடியில் வைத்துப் புண் ஏதும் இருக்கிறதா என்று வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். நான் கத்தக் கத்த இதைச் செய்தாள்.

"சனத்துக்கு... பொய். எனக்கும்... பொய்."

"ஓம்" என்றாள்.

"ஏன்?"

"உங்களுக்குச் செய்ய எனக்கு ஏலும்" என்றாள். "குளிக்க வார்க்கிறன், சாப்பாடு தீத்துறன், தூக்குறன். அதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வாற சனத்துக்கும் சேர்த்துச் செய்ய எனக்கு ஏலாது. அவை கல்கரி எண்டு நம்பினாப் பிறகுதான் நான் ஒரு நேரமாவது இருந்து சாப்பிட்டனான்."

"சொல்லி... இருக்கலாம்."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"சொன்னனான். இண்டைக்கு ஒருத்தரும் வராட்டி நல்லம் எண்டு ஒருநாள் உங்களிட்டச் சொன்னனான். நீங்கள் அதை வந்த ஆக்களிட்டச் சொல்லிச் சிரிச்சனீங்கள். எனக்கு அவையின்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு."

ஞாபகம் வந்தது. "இவ... உங்களை... கலைக்கிறா" என்று நான் திக்கித் திக்கிச் சொன்னேன். வருத்தக்காரன் பகிடி விடுகிறான் என்று எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்று புனிதமும் சிரித்தாள். வந்தவர்களுக்கு இரண்டாம் தேத்தண்ணியும் போட்டாள்.

நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அது எங்கள் வீட்டில் பழக்கமில்லாத ஒன்று.

அவள் சப்பாத்துகளைச் சுவரோரம் சோடியாக வைத்தாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை வருவினம். நான் வடைக்கு உழுந்து போடுறன்."

ஞாயிறு

உழுந்து ஊறியது, அரைபட்டது. முன் அறைத் திரைச்சீலை மாதக் கணக்குக்குப் பிறகு திறந்தது. புனிதம் காரை வாசலுக்குக் கொண்டுவந்தாள், நடைவழியைக் கூட்டினாள், வெள்ளைச் சேட்டை மாட்டிவிட்டாள். நான் முன் அறைக் கதிரைக்குத் திரும்பினேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் முதுகில் ஏதோ குத்துவது போல இருந்தது.

காலையில் வாசல் மணி அடித்தது. அடுப்படியில் ஏதோ உலோகம் தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. போய்த் திறந்தாள். யாரோ பார்சல்காரன், பக்கத்து வீட்டுப் பொதியை வாங்கி வைக்கச் சொல்லி வந்தவன். அவள் திரும்பி வந்து முன் அறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நெஞ்சில் கை. முகத்தில் இரத்தம் இல்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. மணி எண்டால் எனக்கு இப்ப இப்பிடித்தான்."

நாற்பது வருடம் யார் வந்தாலும் கதவைத் திறந்தவள். ஒரு மணிச் சத்தத்துக்கு நடுங்குகிறாள். என்னால்தான் அப்படி ஆனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நோய் வந்த நாளில் இருந்து வெட்கம் எனக்குப் பழகிய ஒன்றுதான். அவள் என் உடுப்பைக் கழற்றும்போதெல்லாம் வெட்கப்பட்டவன் நான். அந்த வெட்கம் வேறு, இது வேறு.

மத்தியானம் மறுபடி மணி அடித்தது. வாசலில் குகனின் குரல். புனிதம் அடுப்பைக் குறைத்தாள். கையைத் துடைத்தாள். நடைவழிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். நான் கதிரையில் இருந்தபடி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். களைத்துப்போன முகம் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டது. வாழ்நாள் முழுக்க நான் பார்த்த சிரிப்பு அதுதான். அது வரும் வழியை அன்றுதான் பார்த்தேன்.

"இரும்" என்றேன். "நான்."

"உங்களுக்கு ஏலாது."

"இரும்!"

நாலுகால் தடியைப் பிடித்து எழும்பினேன். அவள் பிடிக்க வந்தாள், தலையாட்டி மறித்தேன். சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு நடைவழியால் போனேன். மணி இன்னொரு தடவை அடித்தது. "டேய், எங்கயடா?" என்று குகன் கதவைத் தட்டினான். இடது கையால் பூட்டைத் திறந்து, கதவிடைவெளியை என் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே குகனும் அவன் மனைவி சாந்தியும் நின்றார்கள். பின்னால் தெருவில் ஒரு வானில் இருந்து இன்னும் சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடேய், நடக்கிறியே!" என்று குகன் கட்டிப்பிடிக்க வந்தான். "உள்ளுக்கு விடு. வடை மணக்குது."

"வடை... இருக்கு" என்றேன். "நீங்கள்... உள்ள... வரேலாது."

அவன் சிரித்தான். "பகிடியை விடு, குளிருது."

"அவ... களைச்சுப் போனா. தேத்தண்ணி... தர ஏலாது. கல்கரிக்கு... போகேல்லை. நான்தான்... பொய் சொல்லச் சொன்னனான்."

அந்தக் கடைசி வரிதான் என் வாழ்க்கையில் நான் அவளுக்காகச் சுமந்த ஒரே சுமை. அதுவும் ஒரு பொய்.

குகனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. வானில் இருந்து இறங்கியவர்கள் கேட்டில் நின்றுவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குள் வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

"ரெண்டு ரயில் மாறி வந்தனாங்கள்" என்றான் குகன். "என்னை வெளியில நிப்பாட்டிக் கதைக்கிறாய், என்ன?"

"ஓம்" என்றேன்.

கையில் இருந்த அப்பிள் பையை வாசற்படியில் வைத்தான். வைத்தவன் என்னைப் பார்க்காமல் திரும்பி வானை நோக்கி நடந்தான். மற்றவர்களும் அவன் பின்னால் போனார்கள். சாந்தி மட்டும் போகவில்லை. அவள் அதிகம் பேசாத பெண். முதல் முறையாக அவளை நேரே பார்க்கிறேன் என்று தோன்றியது.

"அண்ணை" என்றாள். "எங்கட மாமா கிடையில கிடந்த காலம் நீங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலால எங்கட வீட்டை வாறனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

குகனின் தகப்பனைச் சொன்னாள். கிழவர் விம்பிள்டனில் அவர்கள் வீட்டில் வருடக் கணக்காகப் படுக்கையில் இருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் இருந்து அரசியல் பேசுவேன். யார் மறந்தாலும் நான் மறக்கவில்லை. இந்த அவமானத்தின் நடுவிலும் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. இவளாவது என் நல்லதைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, "ஓம்... ஓம்" என்று தலையாட்டினேன்.

"உங்கட கார் வந்து நிக்கிற சத்தம் கேட்டால் நான் பின்வளவுக்குப் போய் அழுதுபோட்டுத்தான் வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கிறனான்" என்றாள்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. இன்று குளிர் என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு என் தோளுக்கு மேலால் நடைவழியை எட்டிப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. பின்னால் புனிதம் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"அக்கா, படுங்கோ" என்று சாந்தி உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

குகனையும் சாந்தியையும் ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டுப் போனது. நான் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். உள்ளே திரும்பிப் புனிதத்தின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. அவர்கள் பின்னால் போகலாம் என்றால் கால் விடாது.